காய்ச்சலே வராத மலேரியா நஞ்சுக்கொடியை என்ன செய்கிறது?

கேள்வி இதுதான். கேட்டவர் கென்யாவில் கிசுமு நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தமிழர். அவர் வீட்டில் சமையல் செய்யும் அம்மாவின் மருமகளுக்குத் தலைப்பிரசவம். கர்ப்பகாலம் முழுக்க ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று அந்தப் பெண் படுக்கவில்லை. பிறந்த பிள்ளை 1.9 கிலோ. நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பிய டாக்டர், "மலேரியா இருந்திருக்கிறது, அதுவும் ரொம்ப நாளாக" என்று சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இல்லாமல் மலேரியாவா? இடையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை? அந்தப் பெண் மண்கட்டி தின்றதுதான் காரணம் என்று மாமியார் சொல்வது சரியா? தன் மனைவிக்கும் இப்போது நான்காம் மாதம், அவருக்கும் இப்படி ஆகுமா?

நான் பேத்தாலஜிஸ்ட். நோயாளிகளின் முகத்தைவிட ஸ்லைடுகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நஞ்சுக்கொடி மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு, காரணம் அதை யாரும் சீந்துவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாடு கன்று போட்டால் இளங்கொடி விழுகிறவரை காத்திருந்து, அதை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஆஸ்பத்திரியிலோ, நஞ்சு முழுசாக வந்துவிட்டதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷமே மஞ்சள் பையில் போட்டுவிடுவார்கள். உங்கள் ஊர் டாக்டர் அதை எடுத்து வைத்துச் சோதனைக்கு அனுப்பினாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

பிச்சாவரத்தில் படகில் போயிருக்கிறீர்களா? அலையாத்தி மரங்களின் வேர்கள் விரல் விரலாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், தண்ணீர் அவற்றைச் சுற்றி மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். நஞ்சுக்கொடியின் உள்ளே கிட்டத்தட்ட அதே காட்சி. வேர்கள் குழந்தையுடையவை, உள்ளே குழந்தையின் ரத்தக்குழாய்கள் ஓடுகின்றன. சுற்றி நிற்கும் தண்ணீர் தாயின் ரத்தம். இரண்டு ரத்தமும் கலப்பதில்லை. நடுவில், செல்லுக்குச் செல் எல்லைச் சுவரே இல்லாத ஒரே விரிப்பாக ஒரு மெல்லிய தோல். ஆக்சிஜன், சர்க்கரை, அமினோ அமிலம், தாயின் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் அந்தத் தோலைத் தாண்டித்தான் பிள்ளைக்குப் போகவேண்டும். நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி அரைக் கிலோதான் இருக்கும். ஆனால் அந்த விரல்களை எல்லாம் விரித்துப் போட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரை அளவுக்கு வரும். நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் தாயின் ரத்தம் அதற்குள் வந்து போகிறது. வேகமாக வந்து, பரந்த இடத்தில் விழுந்து, மெதுவாகிவிடுகிற ரத்தம். இந்த மெதுவாகிற விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதல் மூன்று மாதத்தின் பெரும்பகுதி, தாயின் ரத்தம் நிற்கும் இந்தக் குளம் நிரம்பியே இருக்காது. தாயின் ரத்தக்குழாய் வாய்களை நஞ்சுக்கொடியின் செல்களே அடைத்து வைத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும்போதுதான் அடைப்பு விலகி ரத்தம் முழுதாகப் பாய்கிறது. பாதுகாப்பான கருவறைக்குள் புதிதாக ஒரு குளம் வெட்டியதுபோல. மலேரியாக் கிருமிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்கிற மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்தால், சுமார் 48 மணி நேரத்தில் வளர்ந்து, பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வரும். முதல் நாளின் பெரும்பகுதி சின்ன மோதிரம்போல இருந்துகொண்டு ரத்தத்தோடு சுற்றும். அதற்குப்பின் அதற்கு ஒரு சிக்கல். உள்ளே கிருமி வளர வளர அணு விறைத்துப்போகிறது. விறைத்த அணு மண்ணீரல் வழியாகப் போனால், மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். தப்பிக்க ஒரே வழி, எங்காவது ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு சுற்றுலாவை நிறுத்திவிடுவது. அதற்காகக் கிருமி சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு கொக்கிப் புரதத்தை நீட்டுகிறது. இந்தக் கொக்கிக்கான மரபணுக்கள் ஒவ்வொரு கிருமியிடமும் அறுபது அளவில் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாட்டிக்கொள்ளும். உடம்பு அந்தக் கொக்கியை அடையாளம் கண்டு எதிர்ப்புப் புரதம் தயாரித்ததும் வேறொன்றை மாட்டிக்கொள்ளும். வேஷம் மாற்றும் திருடன்தான்.

இனி நீங்கள் இருக்கும் ஊருக்கு வருவோம். 1996-ல் மிக்கல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அது நடந்தது நீங்கள் குடியிருக்கும் மேற்குக் கென்யாவில்தான். பிரசவமான பெண்களின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த கிருமிகள், மற்ற இடத்துக் கிருமிகள் ஒட்டும் எதிலும் ஒட்டவில்லை. காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்-ஏ என்கிற ஒரு சர்க்கரைச் சங்கிலியில் மட்டும் போய் ஒட்டின. நஞ்சுக்கொடியின் அந்த விரல்களின் மேல்தோலில் இருக்கிற சங்கிலி அது. சில வருஷம் கழித்து, 2003-ல், கோபன்ஹேகனில் அலி சலாந்தியின் குழு அந்தக் கொக்கி எது என்று கண்டுபிடித்தது. அதன் பெயர் வார்-2-சி.எஸ்.ஏ. அறுபது கொக்கிகளில் நஞ்சுக்கொடிக்கென்றே வார்த்ததுபோல ஒன்று.

இதிலிருந்து உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. கிசுமு மாதிரி இடத்தில் பிறந்து வளர்ந்த பெண் சின்ன வயதிலிருந்தே எத்தனையோ முறை மலேரியாவைப் பார்த்தவள். ஐம்பத்துச் சொச்சம் கொக்கிகளுக்கு அவள் உடம்பில் விடை தயார். கிருமி ரத்தத்தில் இருந்தாலும் அளவு மீறாமல் அடக்கி வைக்கத் தெரியும், காய்ச்சலும் வராது. ஆனால் வார்-2-சி.எஸ்.ஏ. கொக்கியை மாட்டிய கிருமிக்கு இதுவரை அவள் உடம்பில் ஒட்ட இடமே இருந்ததில்லை. கருவுற்று, அந்தக் குளம் திறந்தபோதுதான் முதல்முறையாக இடம் கிடைக்கிறது. அந்த ஒரு கொக்கிக்கு மட்டும் அவளிடம் விடை இல்லை. அதனால்தான் தலைப்பிரசவத்துக்கு ஆபத்து அதிகம், இரண்டாவது மூன்றாவது பிள்ளைக்குக் குறைவு. ஒவ்வொரு கர்ப்பமும் அந்தக் கொக்கிக்கு எதிரான புரதத்தைக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அதே ஊரில் வாழ்நாள் முழுக்க மலேரியாவோடு இருந்த ஆண்களின் ரத்தத்தைச் சோதித்தால், இந்தப் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. எனக்குத் தெரிந்து இதைவிட அழகான சான்று இந்த விஷயத்தில் கிடையாது.

ரத்தப் பரிசோதனை ஏன் ஏமாற்றியது என்பதும் இதே கதைதான். விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் கிருமி மட்டும்தான் தெரியும். வளர்ந்தவை எல்லாம் நஞ்சுக்கொடியில் பதுங்கியிருக்கின்றன. வெளியே சொற்பமாகத் திரிகிற மோதிரக் கிருமிகள் மைக்ராஸ்கோப்பில் பிடிபடும் அளவுக்குக் கீழே இருக்கலாம். இது புதிய செய்தியும் இல்லை. 1915-லேயே பனாமாக் கால்வாய்ப் பகுதியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் கிளார்க் என்ற மருத்துவர், மலேரியாவைக் கண்டுபிடிக்க நஞ்சுக்கொடி ரத்தத்தைத் தடவிப் பார்ப்பதன் பயனைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிவிட்டார். நூறு வருஷம் கழித்தும் நாம் "டெஸ்ட் நெகட்டிவ், பயமில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிள்ளைக்கு என்ன?

ரொம்பப் பேர் நினைப்பது, கிருமிகள் அடைத்துக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்துகின்றன என்று. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் ஸ்லைடு சொல்லும் கதை வேறு. பிரசவத்துக்குச் சில நாள் முன்னால் தொற்றிய நஞ்சுக்கொடியில் கிருமி நிறைந்த சிவப்பணுக்கள் குவிந்து கிடக்கும், மற்றபடி விரல்கள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிள்ளையின் எடையும் பெரும்பாலும் மோசமில்லை. மாதக்கணக்கில் தங்கிய தொற்றில் காட்சியே மாறிவிடும். விரல்களுக்கு இடையிலான இடமெல்லாம் தாயின் வெள்ளணுக்கள், குறிப்பாக மோனோசைட்டுகளும் அவை முற்றிய மேக்ரோபேஜ்களும். கிருமி சொற்பமாகக்கூட இருக்கும். எடை குறைவோடு இறுக்கமாகக் கைகோத்து நிற்பது இந்த வெள்ளணுக் கூட்டம்தான். திருடனைப் பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் வீட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் முகாம் போட்டால் வீட்டுக்காரன் அடுப்பு எப்படி எரியும், அந்த நிலைமை.

அவர்களை அழைப்பது யார் என்பதும் சுவாரசியம். நஞ்சுக்கொடியின் மேல்தோலும் அங்கிருக்கும் வெள்ளணுக்களும் சேர்ந்து 'இங்கே வா' என்று இழுக்கும் புரதங்களைச் சுரக்கின்றன. வந்த மோனோசைட் கிருமியை விழுங்குகிறது, விழுங்கிவிட்டு டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுகிறது, அவை இன்னும் கூட்டத்தைக் கூட்டுகின்றன. விழுங்கியதில் ஜீரணிக்க முடியாத ஒன்று உண்டு. கிருமி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்றுவிட்டு மிச்சம் வைக்கும் இரும்புச் சக்கை, ஹீமோசோயின் என்று பெயர், பழுப்பு நிறம். சிகிச்சை கொடுத்து கிருமி செத்த பிறகும் இந்தச் சக்கை வெள்ளணுவுக்குள்ளும், ஃபைப்ரின் என்கிற ரத்தம் உறையவைக்கும் நார்ப்புரதத்தின் படிவுகளுக்குள்ளும் நெடுநாள் கிடக்கும்.

உங்கள் டாக்டர் "ரொம்ப நாளாக" என்று உறுதியாகச் சொன்னது இதை வைத்துத்தான். 1993-ல் ஜூடித் புல்மரும் கூட இருந்தவர்களும் காம்பியா நாட்டுப் பெண்களின் நஞ்சுக்கொடிகளைப் பார்த்து ஒரு வகைப்பாடு கொடுத்தார்கள், இன்றும் அதைச் சார்ந்துதான் எழுதுகிறோம். கிருமி மட்டும் இருந்து சக்கை பதியாவிட்டால் அண்மைத் தொற்று. கிருமியும் இருந்து ஃபைப்ரினுக்குள் சக்கையும் பதிந்திருந்தால் நாள்பட்டு நடந்துகொண்டிருப்பது. கிருமி போய்ச் சக்கை மட்டும் மிஞ்சியிருந்தால் பழைய தொற்று. குளத்து மண்டியைப் பார்த்து வெள்ளம் எப்போது வந்தது என்று சொல்வது மாதிரி.

இங்கே என் அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நஞ்சுக்கொடி ஸ்லைடில் பழுப்புத் துகள்களைப் பார்த்தேன். ஒளியை ஒரே திசையில் அதிர வடிகட்டும் போலரைசர் கண்ணாடியைப் போட்டால் ஹீமோசோயின் பளிச்சென்று மின்னும் என்று படித்திருந்தேன். போட்டேன், மின்னியது. 'நாள்பட்ட மலேரியா' என்று எழுதிவிட்டேன். என் மூத்தவர் ஸ்லைடை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "துகள் எங்கே இருக்கு? செல்லுக்குள்ளயா, செல் மேலயா?" என்று மட்டும் கேட்டார். மேலே, எங்கும் பரவலாக, குழந்தையின் ரத்தக்குழாய்க்குள்கூட இருந்தது. அது ஃபார்மலின் நிறமி. திசுவைப் போட்டு வைத்த ஃபார்மலின், அமிலம் ஏறாமல் காக்கும் சரியான பஃபர் உப்பு இல்லாமல் புளித்துப்போனால், ரத்தத்தோடு சேர்ந்து அதே பழுப்பை உண்டாக்கும், அதுவும் போலரைசரில் மின்னும். இல்லாத நோயை ஒரு தாய்க்கு எழுதி அனுப்ப இருந்தேன். அன்றிலிருந்து நஞ்சுக்கொடி வந்தால் முதலில் டப்பாவை மோந்து பார்க்காத குறையாக, எந்த ஃபார்மலின், எத்தனை நாள் கிடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்லைடைத் தொடுவேன்.

அந்த வெள்ளணு முகாமால் பிள்ளையின் வளர்ச்சி எப்படிக் குறைகிறது என்பதில் கடந்த இருபது வருஷத்தில் நிறையத் தெளிவு வந்திருக்கிறது. அமினோ அமிலங்களைத் தாயின் பக்கத்திலிருந்து இறைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் பம்புகள் நஞ்சுக்கொடித் தோலில் உண்டு. வெள்ளணு நிறைந்த மலேரியா நஞ்சுக்கொடிகளில் அந்தப் பம்புகளின் வேலை மந்தமாகிவிடுகிறது. கிருமி மட்டும் இருந்து வெள்ளணு சேராதவற்றில் அந்த அளவு மந்தம் இல்லை. வளர்ச்சியைத் தூண்டும் இன்சுலின் போன்ற ஹார்மோனின் அளவும் தாய், பிள்ளை இருவரிடமும் இறங்குகிறது. தோலின் அடித்தளம் தடித்துப்போகிறது. அங்கங்கே தோல் உரிந்து, அந்த இடத்தில் ஃபைப்ரின் பூசி மூடியிருக்கும். பூசிய இடம் வழியாக எதுவும் போகாது. தாய் நன்றாகச் சாப்பிட்டிருக்கலாம், அவள் ரத்தத்தில் சத்து இருக்கலாம். குளத்தில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாத வயல்தான் பிள்ளை.

ரத்தக்குழாய்க் கணக்கும் ஒன்று உண்டு. தான்சானியாவில் தலைப்பிரசவப் பெண்களைப் பார்த்தபோது, நாள்பட்ட நஞ்சுக்கொடி மலேரியாவும் உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்து வந்தவர்களிடம் ஒரு புரதம் அதிகமாக இருந்தது. ரத்தக்குழாய் வளரத் தேவையான காரணியைப் பிடித்து வைத்துக்கொள்கிற புரதம் அது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயான பிரி-எக்லாம்ப்சியாவில் ஏறுவதும் இதே புரதம்தான். ஆகவே மலேரியா இருக்கும் ஊரில் தலைச்சன் கர்ப்பத்தில் பிரஷர் ஏறினால், இரண்டையும் தனித்தனி நோயாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கிருமி பிள்ளைக்குள் போய்விடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். போவது உண்டு, குறைவு. தொப்புள்கொடி ரத்தத்தில் கிருமி தென்பட்ட பல பிள்ளைகள் நோயாகாமலேயே அதைக் கழித்துவிடுகின்றன. நான் அதிகம் கவலைப்படுவது வேறு இரண்டுக்காக. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகவேண்டிய எதிர்ப்புப் புரதங்கள், தட்டம்மைக்கும் தசைவிறைப்பு ஜன்னிக்கும் எதிரானவை உட்பட, இப்படிப் பாதிக்கப்பட்ட நஞ்சுக்கொடி வழியாகக் குறைவாகவே போவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்தது, நஞ்சுக்கொடியில் மலேரியா இருந்த தாய்களின் பிள்ளைகளுக்கு முதல் மலேரியா சீக்கிரமே வருவதைக் கேமரூனில் 1990-களில் கவனித்தார்கள். வயிற்றிலேயே கிருமியின் துணுக்குகளைப் பார்த்துப் பழகிய உடம்பு அதை அந்நியமாக எண்ணுவதில்லை என்று விளக்குகிறார்கள். ஆகவே அந்த 1.9 கிலோப் பிள்ளைக்குத் தடுப்பூசித் தேதிகள் ஒன்றும் தள்ளிப்போகக் கூடாது, முதல் நாளிலிருந்தே கொசுவலைக்குள் தூங்கவேண்டும்.

அந்த 1.9 கிலோவைப் பற்றியும் ஒரு சந்தேகம். நஞ்சுக்கொடி மலேரியா, 2.5 கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் ஆபத்தைச் சுமார் இரட்டிப்பாக்குகிறது என்பது பொதுவான கணக்கு. ஆனால் சராசரியாகக் குறைவது நூறு, இருநூறு கிராம்தான். 1.9 என்றால் பிரசவம் எத்தனை வாரத்தில் ஆனது என்று கேளுங்கள். குறைப்பிரசவமும் சேர்ந்திருக்கலாம், நாள்பட்ட தொற்று அதையும் தூண்டும். ரத்தசோகை எவ்வளவு இருந்தது என்பதையும் பாருங்கள். எல்லாப் பழியையும் ஒரே ஸ்லைடின் மேல் போட எனக்கு மனம் வராது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த 33 நாடுகளில் 3.54 கோடி கர்ப்பங்கள், அவற்றில் 1.27 கோடிப் பேருக்கு, அதாவது நூற்றுக்கு 36 பேருக்கு, கர்ப்பத்தின்போது மலேரியாத் தொற்று.

தடுக்க என்ன செய்கிறார்கள்? முதல் மூன்று மாதம் கழிந்ததும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் வரும்போது, குறைந்தது ஒரு மாத இடைவெளியில், சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரை மூன்றை நர்ஸ் முன்னாலேயே விழுங்க வைப்பார்கள். காய்ச்சல் இருக்கிறதா, டெஸ்டில் தெரிகிறதா என்று பார்ப்பதே இல்லை. பதுங்கியிருக்கும் கிருமியை டெஸ்ட் காட்டிக்கொடுக்காது என்பதால் எழுந்த திட்டம் இது. பிரசவத்துக்குள் மூன்று முறையாவது கொடுக்கவேண்டும் என்று 2012-ல் சொன்னார்கள். 2022-ல் மூன்று முறையும் கிடைத்தவர்கள் தகுதியுள்ளவர்களில் 42 சதவீதம். உங்கள் விக்டோரியா ஏரிக்கரை மாவட்டங்களில் கர்ப்பிணிப் பரிசோதனையோடு இதையும் கொசுவலையையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சமையல் அம்மாவின் மருமகள் எத்தனை முறை வாங்கினாள் என்று அவளுடைய கர்ப்பிணிப் புத்தகத்தில் எழுதியிருக்கும், பாருங்கள்.

இதில் இரண்டு இடறல்கள் உண்டு. ஃபோலிக் அமிலத்தை 5 மில்லிகிராம் கணக்கில் தினமும் போட்டால் இந்த மருந்தின் வேலை கெடும், 0.4 மில்லிகிராம் போதும். எச்.ஐ.வி. உள்ள பெண் ஏற்கெனவே மற்றத் தொற்றுகளைத் தடுக்கக் கோட்ரைமாக்சசோல் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், இதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இரண்டும் ஒரே இனம். அந்த வட்டாரத்தில் எச்.ஐ.வி. அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். எச்.ஐ.வி. இருந்தால், அடுத்தடுத்த கர்ப்பத்தில் சேரவேண்டிய மலேரியா எதிர்ப்பும் சரியாகச் சேராது.

ஒரு புதிரும் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மருந்துக்குக் கிருமி நன்றாகவே பழகிவிட்டது. அதனால் டைஹைட்ரோ-ஆர்டிமிசினின்-பைபராகுவின் என்ற வலுவான மருந்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புதிய மருந்து மலேரியாவை நன்றாகக் குறைத்தது. பிள்ளைகளின் எடை மட்டும் பழைய மருந்து எடுத்தவர்களுக்கே சற்றுக் கூடுதல்! பழைய மருந்து வேறு கிருமிகளையும் சேர்த்து அடக்குவதாலோ, தாயின் எடை ஏற்றத்துக்கு உதவுவதாலோ இருக்கலாம் என்கிறார்கள். பிள்ளையின் எடைக்கு மலேரியா மட்டும் கணக்கு எழுதுவதில்லை என்பதற்கு எனக்கு இது ஒரு நல்ல குட்டு.

தடுப்பூசி வருமா? வார்-2-சி.எஸ்.ஏ. கொக்கியையே இலக்காக வைத்துப் பாம்வாக், ப்ரிம்வாக் என்று இரண்டு தடுப்பூசிகள் முதற்கட்டச் சோதனை முடித்திருக்கின்றன. ப்ரிம்வாக்கை பாரிசிலும் புர்கினா ஃபாசோவின் உவாகடூகுவிலும் பெண்களுக்குப் போட்டார்கள். பாதுகாப்பாக இருந்தது, எதிர்ப்புப் புரதமும் வந்தது. ஆனால் எந்த வகைக் கிருமியின் கொக்கியை வைத்துச் செய்தார்களோ அதற்குத்தான் நன்றாக வேலை செய்தது, வேறு வகைகளுக்கு அவ்வளவாக இல்லை. இதே சலாந்தியின் குழு 2015-ல் இன்னொரு வேடிக்கையைக் கண்டுபிடித்தது. பல புற்றுநோய்ச் செல்களும் நஞ்சுக்கொடியின் அதே சர்க்கரைச் சங்கிலியைப் போர்த்திக்கொண்டிருப்பதால், மலேரியாவின் கொக்கி அவற்றிலும் போய் ஒட்டுகிறது. புற்றுநோய் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அதைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறார்கள். தலைப்பை விட்டு விலகுகிறேன், திரும்புகிறேன்.

உங்கள் மனைவி. இங்கே கவனமாகப் படியுங்கள். மேலே சொன்ன சத்தமில்லாத, நாள்பட்ட மலேரியா என்பது அந்த மண்ணில் வளர்ந்தவர்களின் நோய். பாதி எதிர்ப்பு சக்தியின் விளைவு. தமிழ்நாட்டிலிருந்து போன உங்கள் மனைவிக்கு அந்தப் பாதியும் கிடையாது. அவருக்கு ஃபால்சிபாரம் வந்தால் ஒளிந்திருக்காது. கடும் காய்ச்சல், ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது, நுரையீரலில் நீர் கோப்பது, கருக்கலைவு என்று அவர் உயிருக்கே ஆபத்தாக வரலாம். கர்ப்பிணிக்கு இந்த ஆபத்து மற்றப் பெரியவர்களைவிடக் கூடுதல். ஆகவே மாதம் ஒரு முறை கொடுக்கும் மாத்திரையை மட்டும் நம்பி அவர் இருக்கக் கூடாது. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய தினசரி அல்லது வாராந்திரத் தடுப்பு மருந்து வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வாரம் ஒரு முறை போடும் மெஃப்ளோகுவின் கர்ப்பத்தில் பயன்படுத்தப்படுவது, வலிப்பு அல்லது மனநலத் தொல்லை முன்பு இருந்திருந்தால் ஆகாது. டாக்சிசைக்ளின், பிரைமாகுவின் இரண்டும் கர்ப்பத்தில் கூடாது. நீங்களாக எதையும் எதோடும் சேர்க்காதீர்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டெஸ்ட். கசாயம் எல்லாம் பிறகு.

ஊருக்கு வந்து பிரசவம் பார்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பீர்கள். தமிழ்நாட்டில் மலேரியா குறைவு, இருப்பதும் பெரும்பாலும் வைவாக்ஸ் என்கிற வேறு வகை மலேரியாக் கிருமி. வைவாக்ஸ் நஞ்சுக்கொடியில் இப்படிக் குடியேறுவது குறைவு. ஆனாலும் ரத்தசோகையும் எடைக் குறைவும் தரும் என்பதைத் தாய்லாந்து-மியான்மர் எல்லையில் பிரான்சுவா நாஸ்டன் குழு 1999-லேயே காட்டிவிட்டது. அங்கே தலைப்பிரசவத்தைவிட அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் எடைக் குறைவு அதிகம், ஃபால்சிபாரத்துக்கு நேர் எதிர். எதிர்ப்பு சக்தி இல்லாத மக்களிடையே மலேரியா பரவினால் கர்ப்பிணிகள் என்ன ஆவார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1934-35-ல் இலங்கையில் வந்த கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். அதில் கர்ப்பிணிகள் பட்ட பாட்டை விக்கிரமசூரிய என்ற மகப்பேறு மருத்துவர் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அந்த இலங்கைதான் 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியது. முடிவு உங்களுடையது. ஊருக்கு வந்தால் ஒன்று மட்டும்: காய்ச்சல் வந்தால் "கென்யாவிலிருந்து வந்திருக்கிறோம்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கடைசியாக மண்கட்டி. அந்தப் பகுதியில் கர்ப்பிணிகள் தின்னும் மென்கல்லை ஒடோவா என்பார்கள், சந்தையிலேயே கிடைக்கும். நம் ஊரில் சாம்பலும் திருநீறும் செம்மண்ணும் தேடுகிற மாதிரிதான். அது நஞ்சுக்கொடிக்கு மலேரியாவைக் கொண்டுவராது, கொசுதான் கொண்டுவரும். மண் வழியாக உருண்டைப் புழு முட்டை வயிற்றுக்குள் போகலாம். மண் மேல் ஆசை வருவதே பல நேரம் இரும்புச் சத்து இல்லாததன் அடையாளம். கொக்கிப் புழு அந்த இரும்பை இன்னும் உறிஞ்சும், ஆனால் அது பெரும்பாலும் வெறுங்கால் வழியாக ஏறுவது. கொக்கிப் புழு நஞ்சுக்கொடியைத் தொடுவதில்லை, குடலிலேயே இருந்து தாயின் ரத்தத்தைக் குடித்து, பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. அதனால்தான் முதல் மூன்று மாதம் கழிந்ததும் ஒரு வேளை அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள்.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: மருமகள் எதையும் தப்பாகச் செய்யவில்லை, அவளுக்கு இது முதல் பிள்ளை, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கே தலைச்சன் சின்னதாகவும் அடுத்தது கொழுகொழுவென்றும் பிறந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கேட்டுப் பாருங்கள், என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.